சிங்கப்பூரில் எம்.சி. எடுத்தால் சம்பளம் என்ன ஆகும்? வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு

"அண்ணே, எம்.சி. எடுத்தா சம்பளத்துல வெட்டிடுவாங்களா?" தொழிலாளர் விடுதியான டார்மிட்டரியிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா என்கிற தேக்காவிலும் சரி, என்னிடம் தம்பிகள் அதிகம் கேட்பது இதைத்தான். எம்.சி. என்றால் உடம்பு சரியில்லை, விடுப்பு வேண்டும் என்று டாக்டர் எழுதித் தரும் சான்று. நான் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். இங்கே கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் வேலையில் ஆரம்பித்து, சூப்பர்வைசராகி, இப்போது சேஃப்டி பார்க்கிறேன். காய்ச்சலை மறைத்துக்கொண்டு சாரத்தில் ஏறியவர்களையும், கையில் கட்டோடு மறுநாளே லாரியில் ஏற்றப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சட்டம் நம் பக்கம் இருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளாததால் நஷ்டப்பட்டவர்களே அதிகம். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நிலை இங்கே இரண்டு சட்டங்களுக்குள் வருகிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை, அம்மை போன்ற சாதாரண நோய் என்றால் வேலை நியமனச் சட்டம். வேலை செய்யும்போது அடிபட்டது, அல்லது வேலையால் வந்த நோய் என்றால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். கைக்கு வரும் பணம் இரண்டிலும் வேறு. எந்தச் சட்டத்துக்குள் நீங்கள் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் டாக்டரிடம் சொல்லும் முதல் இரண்டு வாக்கியத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் நோயை முடித்துவிடுவோம்.

சாதாரண நோய் என்றால்

வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் நோய் வந்தால் விடுப்பு எடுக்கலாம், சம்பளம் தரவேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. 3 மாதம் முடிந்ததும் 5 நாள் சாதாரண மருத்துவ விடுப்பு, ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 15 நாள். 4 மாதத்தில் 8 நாளும் 30 நாளும். 5 மாதத்தில் 11 நாளும் 45 நாளும். 6 மாதம் ஆகிவிட்டால் முழு உரிமை: வருடத்துக்கு 14 நாள், ஆஸ்பத்திரி விடுப்போடு சேர்த்து 60 நாள். இந்த 60க்குள் அந்த 14ம் அடக்கம். இரண்டையும் கூட்டி 74 என்று சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் வார்டில் படுத்திருக்கும் நாட்கள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து அறையில் ஓய்வெடுக்கும் நாட்களையும் டாக்டர் ஆஸ்பத்திரி விடுப்பாக எழுதலாம். எம்.சி. தாளில் எந்த வகை விடுப்பு என்று அச்சாகியிருக்கும். அதைப் படியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். ஆபரேஷன் ஆன ஒருவருக்குச் சாதாரண விடுப்பு என்று எழுதியிருந்தால், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்குள் கேட்டுத் திருத்திக்கொள்வது சுலபம். இரண்டு மாதம் கழித்துப் போனால் அலைச்சல்.

எந்த டாக்டரிடம் போகலாம்? சிங்கப்பூரில் பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்த எம்.சி.யும் செல்லும். "கம்பெனி கிளினிக் எம்.சி. மட்டும்தான் ஒத்துக்கொள்வோம்" என்பது 2019 ஏப்ரலோடு போன கதை. ஆனால் டாக்டர் கட்டணத்தைக் கம்பெனி திருப்பித் தர வேண்டுமென்றால் அரசு மருத்துவ நிலையம் அல்லது கம்பெனி நியமித்த டாக்டரிடம் போயிருக்க வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) வேலைகளில் பர்மிட்டில், அதாவது வேலை அனுமதி அட்டையில், இருக்கிறவர்களுக்கும் டார்மிட்டரியில் இருக்கிற பர்மிட்காரர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் தனி மருத்துவத் திட்டம் உண்டு. பி.சி.பி. என்பார்கள். கம்பெனி முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறது. மருத்துவ நிலையத்துக்கு ஒருமுறை போனால் நீங்கள் தருவது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), போனில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. இந்த 5 வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காக ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். டெங்கு காய்ச்சல் இந்த ஊரில் நிஜம்.

டாக்டரைப் பார்த்ததும் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். சட்டம் 48 மணி நேரம் தருகிறது. அதற்குள் சொல்லாவிட்டால் அனுமதி இல்லாமல் வராதவர் என்று கணக்கு வைக்கலாம். சொல்வது வாட்ஸ்அப்பில் இருக்கட்டும்: எம்.சி. தாளின் படம், "இன்றிலிருந்து இத்தனை நாள்" என்று ஒரு வரி. சூப்பர்வைசருக்கு மட்டும் அனுப்பாமல் அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவருக்கும் அனுப்புங்கள். சூப்பர்வைசர்கள் மாறுவார்கள், சிம் மாற்றுவார்கள். ஓய்வு நாள், அரசு விடுமுறை, ஏற்கெனவே எடுத்த வருட விடுப்பு, இந்த நாட்களில் எம்.சி. இருந்தாலும் தனியாக மருத்துவ விடுப்புச் சம்பளம் வராது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இப்போது பணக் கணக்கு. மருத்துவ விடுப்புக்கு ஒரு நாள் சம்பளம் என்றால் மாத மொத்தச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐ வாரத்துக்கு வேலை செய்யும் நாட்களால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். மாதம் 936 வெள்ளி, வாரம் 6 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 936ஐ 12ஆல் பெருக்கினால் 11,232. 52ஐ 6ஆல் பெருக்கினால் 312. வகுத்தால் ஒரு நாளுக்கு 36 வெள்ளி. ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான பணம், இதில் வராது. சாப்பாட்டுப் படி, போக்குவரத்துப் படி, ஷிஃப்ட் படி ஆகியவையும் வராது. ஆகவே எம்.சி. எடுத்த மாதத்தில் கைக்கு வரும் பணம் குறையத்தான் செய்யும். வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் பே ஸ்லிப்பை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பே ஸ்லிப் தருவது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

60 நாளும் தீர்ந்துவிட்டால் சம்பளம் நிற்கும், வைத்தியம் நிற்கக் கூடாது. பர்மிட்டில் இருக்கும்வரை வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு. அதற்காகவே வருடத்துக்கு குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதி. புற்றுநோய், சிறுநீரகம் என்று பெரிய நோய் தெரியவந்தால் "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று டிக்கெட் போடத்தான் பல இடங்களில் அவசரப்படுவார்கள். ஊரில் குடும்பத்தோடு இருந்து பார்ப்பது நல்லது என்று உங்களுக்கே தோன்றினால் போங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் பயணம் செய்யத் தகுதியா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். எச்.ஆரில் இருப்பவர் அதைச் சொல்ல முடியாது.

வேலையில் அடிபட்டால்

இங்கே சட்டம் நமக்கு மிகவும் தாராளம். பர்மிட்டில் இருந்தாலும், சேர்ந்தது நேற்றே என்றாலும் பொருந்தும். 3 மாதக் கணக்கு கிடையாது. தப்பு யார் மேல் என்ற கேள்வியும் கிடையாது. ஹெல்மெட் சரியாகப் போடவில்லை, அதனால் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் அது மிரட்டல். குடித்திருந்தது, அடிதடியில் இறங்கியது போன்றவைதான் விலக்கு. கம்பெனி லாரியில் சைட்டுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்தானாலும் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். சத்தத்தால் காது மந்தமாவது, சிமென்ட்டாலும் ரசாயனத்தாலும் தோல் வெடிப்பது போன்ற தொழில் நோய்களும் இதில் சேரும்.

சம்பளம் எப்படி? சாதாரண எம்.சி. என்றால் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம். ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை. இந்த 'முழுச் சம்பளம்' என்பது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மட்டும் என்று நினைத்து விட்டுக்கொடுத்தவர்கள் ஏராளம். விபத்துக்கு முந்தைய 12 மாதத்தில் நீங்கள் சம்பாதித்ததன் சராசரி அது. ஓ.டி.யும் உள்ளே வரும். அதே 936 வெள்ளிக்காரர் மாதம் சராசரியாக 468 வெள்ளி ஓ.டி. பார்த்திருந்தால், சராசரி 1,404. ஒரு நாளுக்கு 54 வெள்ளி. நோய் விடுப்பில் 36, காய விடுப்பில் 54. ஒரே ஆள், ஒரே முதுகுவலி, டாக்டர் ஏட்டில் எழுதியிருப்பது மட்டும் வேறு.

விடுப்புக்குப் பதில் டாக்டர் எழுதும் இலேசான வேலைக்கும், அதாவது லைட் டியூட்டிக்கும், இது பொருந்தும் என்பது 2020 செப்டம்பரில் வந்த நல்ல மாற்றம். அதற்கு முன் எம்.சி. கேட்டால் லைட் டியூட்டி கொடுத்து, ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஓ.டி. இல்லாத வெறும் பேசிக்கை நீட்டுவார்கள். இப்போது வேலைக் காயத்துக்காக டாக்டர் லைட் டியூட்டி எழுதினால், அந்த நாட்களுக்கும் பழைய சராசரிப்படி குறை தீர்க்க வேண்டும். ஒரே ஒரு நாள் எம்.சி. அல்லது லைட் டியூட்டி கொடுத்தாலும் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கம்பெனி செய்யாவிட்டால் நீங்களே அமைச்சிடம் தெரிவிக்கலாம். கோரிக்கைக்குக் காலக்கெடு விபத்து நாளிலிருந்து ஒரு வருடம்.

வைத்தியச் செலவுக்கு உச்சவரம்பு 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கு முந்தைய விபத்துகளுக்கு 45,000. விரல் போனது, முழங்கால் மடங்கவில்லை என்று நிரந்தரக் குறை தங்கிவிட்டால் டாக்டர் அதைச் சதவீதத்தில் மதிப்பிடுவார். வயது, சராசரிச் சம்பளம், சதவீதம் மூன்றையும் வைத்து இழப்பீடு. இதற்கு வக்கீல் தேவையில்லை. வக்கீலைப் பார்க்க வேண்டிய இடம், இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட நினைக்கும்போதுதான். இரண்டிலும் பணம் வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை முடிவு செய்யும் முன் நாலு பேரிடம் கேளுங்கள்.

டாக்டர் அறைக்குள்

மானாமதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவன். ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து தோளில் அடி. கம்பெனியிலிருந்து கூடப் போனவர் வழியிலேயே சொல்லிக்கொடுத்தார்: "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், இல்லையென்றால் சைட்டை மூடிவிடுவார்கள், எல்லோருக்கும் வேலை போகும்." பயத்தில் அவன் அப்படியே சொன்னான். டாக்டர் அப்படியே எழுதினார். மூன்று நாள் எம்.சி. தோள் சரியாகவில்லை. ஸ்கேன் எடுத்தபோது தசைநார் கிழிந்திருந்தது, அறுவை சிகிச்சை வேண்டும். அப்போது சைட்டில் விழுந்தேன் என்றால் ஏட்டில் பாத்ரூம் இருக்கிறதே. கூட வேலை பார்த்த ஒரு பையன் அன்றே எடுத்த போன் படமும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லாரி டிரைவரின் வாக்குமூலமும் இருந்ததால்தான் அமைச்சு அவன் பக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதற்குள் அவன் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். இரவில் படுக்கத் தோள் விடாது, வீட்டில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பான்.

ஆகவே டாக்டரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எங்கே நடந்தது, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது, உடம்பில் எங்கே அடி. "சைட், காலை 10 மணி, ஏணியில் இறங்கினேன், விழுந்தேன், தோளும் இடுப்பும்." உடைந்த ஆங்கிலம் போதும். தமிழ் பேசும் நர்ஸ் இருக்கிறாரா, தமிழில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். வலிக்கிற எல்லா இடத்தையும் முதல் நாளே சொல்லுங்கள். கை எலும்பு உடைந்த வேதனையில் இடுப்பு வலியை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து இடுப்பைச் சொன்னால் அது விபத்தால் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

கம்பெனி ஆள் உங்களோடு அறைக்குள் வர வேண்டிய அவசியம் இல்லை. "டாக்டர், நான் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர் உள்ளே வந்தால், சைட்டில் தகுந்த லைட் டியூட்டி இருக்கிறது, எம்.சி. வேண்டாம் என்று டாக்டரிடம் பேரம் நடக்கும். அடிபட்ட தொழிலாளிக்குப் போதிய விடுப்புக் கொடுக்காததற்காக இந்த ஊரின் மருத்துவ மன்றம் டாக்டர்களைத் தண்டித்திருக்கிறது, டாக்டர்களுக்கும் அது தெரியும். தனியாகப் பேசினால் பெரும்பாலானவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். எனக்கு நம்பிக்கை தந்த டாக்டர்கள் இங்கே நிறையப் பேர்.

அவசரம் என்றால் கம்பெனி அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள். 995க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். ஜூரோங் பக்கம் என்றால் இங் தெங் ஃபோங், ஈசூன் பக்கம் கூ டெக் புவாட், நொவீனாவில் டான் டொக் செங். அரசு ஆஸ்பத்திரி ஏட்டுக்கு மதிப்பு அதிகம்.

தாளும் படமும்

அடிபட்ட இடத்தைப் படம் எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் கூட இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். எம்.சி., ரசீது, அடுத்த அப்பாயின்ட்மென்ட் சீட்டு எல்லாவற்றுக்கும் படம். டைம் கார்டையும் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஓ.டி. சராசரி அதில்தான் நிற்கிறது. போன் தொலைந்தால் எல்லாம் போகும், அதனால் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அன்றன்றே அனுப்பிவிடுங்கள். அசல் எம்.சி.யைக் கம்பெனி கேட்டால் கொடுங்கள், படம் எடுத்த பிறகு.

வெள்ளைத் தாளிலோ புரியாத ஆங்கிலத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று ஒரு தாள் வரும். சம்பளம் வாங்க வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்பார்கள். சம்பளம் என்பது மாதம் முடிந்து 7 நாளுக்குள் தந்தே ஆக வேண்டியது, அதற்கு எந்தத் தாளும் விலை இல்லை.

மிரட்டினால், அனுப்பப் பார்த்தால்

எம்.சி. எடுத்ததற்காகவோ காயத்துக்கு இழப்பீடு கேட்டதற்காகவோ வேலையை விட்டு எடுப்பது தவறான பணிநீக்கம். கேட்கும் இடம் சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பு, டி.ஏ.டி.எம். என்பார்கள். காலக்கெடு கடுமை: கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம். சம்பள பாக்கிக்குக் கொஞ்சம் அவகாசம் அதிகம், வேலையை விட்ட பிறகு 6 மாதம். வேலையில் இருக்கும்போதே கேட்டால் கடந்த ஒரு வருட பாக்கியைக் கேட்கலாம்.

எம்.டபிள்யூ.சி. என்ற வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692, இருபத்து நாலு மணி நேரமும். டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு 2008லிருந்து லிட்டில் இந்தியாவில் அடிபட்டும் சம்பளம் வராமலும் தவிப்பவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. சாப்பிடப் போகும் இடத்திலேயே வழக்கைப் பற்றியும் கேட்கலாம். ஹெல்த்சர்வ் என்றொரு அமைப்பு குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கிறது, மனம் உடைந்து போனவர்களோடு பேசவும் ஆள் வைத்திருக்கிறது. இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சுத் துணை மருந்தைவிட அவசரமாகத் தேவைப்படும். வெட்கப்படாதீர்கள்.

வீட்டு வேலைக்கு வந்திருக்கும் நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன இரண்டு சட்டமும் உங்களுக்குப் பொருந்தாது. இது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் பர்மிட் நிபந்தனைப்படி உங்கள் வைத்தியச் செலவு முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது, காப்புறுதியும் கட்டாயம். உடம்பு முடியாத நிலையில் வைத்தியம் மறுக்கப்பட்டால் மனிதவள அமைச்சையோ, ஹோம் என்ற அமைப்பையோ அழையுங்கள்.

கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று டிக்கெட்டைக் கையில் கொடுத்து விமான நிலையத்துக்கு அழைத்துப் போனால், குடிநுழைவு கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்குக் காயக் கோரிக்கை இருக்கிறது, சம்பளம் பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். அங்கேயே சொல்ல வேண்டும். விமானம் ஏறிய பிறகு சொல்வதைவிட ஆயிரம் மடங்கு பலன். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதும் சட்டப்படி தவறு, கேட்டு வாங்கி வையுங்கள்.

நீங்களாகவே ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தாலும், அல்லது அப்படி ஆகிவிட்டாலும், காயக் கோரிக்கை செத்துவிடாது. புறப்படும் முன் அமைச்சுக்கு ஊர் முகவரி, ஊரில் இயங்கும் போன் எண், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கொடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவ அறிக்கை, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் பணம் வருவது தாமதமாகும், அதை ஊரில் போய் இறங்கியதும் வங்கியில் சரிசெய்துவிடுங்கள்.